செம்பியும் சீமாறும்

பாலக்கோட்டில் எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும் எங்கள் நாய் செம்பியைப் பார்த்ததும் கேட்பது ஒன்றுதான்: "இது என்ன ஜாதி?" கிருஷ்ணகிரி மாமாவும் கேட்கிறார், சிலிண்டர் போட வரும் தம்பியும் கேட்கிறார். கலப்பு, காப்பகத்தில் எடுத்தது என்றால் "அட, தெரு நாயா" என்று முகம் மாறிவிடுகிறது. ஒவ்வொரு முறையும் எனக்கு வலிக்கிறது.

நீண்ட மூஞ்சியையும் ஒட்டிய வயிற்றையும் பார்த்தால் பாட்டன் பூட்டனில் ஒரு சிப்பிப்பாறை வேட்டை நாய் இருந்திருக்கலாம். சுருண்டு முதுகில் ஏறி நிற்கும் வால் நாட்டு நாயுடையது. அதற்கு மேல் யாருக்கும் தெரியாது. தெரிந்து என்ன ஆகப் போகிறது? ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கும் பக் நாய் அந்தத் தட்டை மூக்கை வைத்துக்கொண்டு நம் சித்திரை வெயிலில் மூச்சுக்குத் திணறுவதைப் பார்க்கவே பாவமாக இருக்கிறது.

ஓசூர் பக்கம் ஒரு காப்பகத்திலிருந்து போன வருஷம் கூட்டி வந்தோம். இரண்டு வயது இருக்கும் என்றார்கள். கருத்தடை, வெறிநோய்த் தடுப்பூசி எல்லாம் முடித்தே கொடுத்தார்கள். காது நுனியில் ஒரு வெட்டு இருக்கும். சண்டையில் கடிபட்டதில்லை அது. கருத்தடை செய்யும்போது மயக்கத்திலேயே போட்டுவிடும் அடையாளம். தெருவில் மறுபடி பிடித்துப் போய் வயிற்றைக் கிழிக்கக் கூடாதே, அதற்காக.

முதல் பத்து நாள் கட்டிலுக்கு அடியிலேயே கிடந்தது. களியும் எலும்பு எடுத்த கோழியும் வைத்தால், விளக்கணைத்து எல்லோரும் படுத்த பிறகுதான் தட்டு நகரும் சத்தம் கேட்கும். அப்புறம் மெல்லக் கூடத்துக்கு வர ஆரம்பித்தது. ஒரு நாள் காலையில் அம்மா வாசல் கூட்டச் சீமாறை எடுத்ததுதான் தாமதம், நின்ற இடத்திலேயே மூத்திரம் போய்விட்டது. கால் மடங்கி, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, அடி விழும் என்று காத்திருந்தது. அம்மா சீமாறைக் கீழே போட்டுவிட்டு அழுதுவிட்டார். அன்றிலிருந்து செம்பி தோட்டத்தில் இருக்கும்போதுதான் வீடு கூட்டுவோம்.

"திருப்பிக் கொடுத்துட்டு லேப்ரடார் குட்டி ஒண்ணு வாங்குங்க" என்றார்கள் சொந்தக்காரர்கள். அப்படித் திரும்பி வந்த நாய்களைக் காப்பகத்தில் பார்த்திருக்கிறேன், ஆள் வந்தால்கூட எழுந்து வருவதில்லை. வந்த வாரமே வாலாட்டவில்லை என்று திருப்பிக் கொடுப்பதை என்னால் ஏற்கவே முடியவில்லை. ஊர் மாறிப் பள்ளியில் சேர்த்த பிள்ளைக்கே மாதக்கணக்கில் பொறுக்கிறோமே.

சிரமம் இல்லை என்று சொல்லமாட்டேன். மழைக்காலத்தில் காது மடலில் உண்ணி தேட வேண்டும், உண்ணிக் காய்ச்சல் வந்தால் நாயையே சாய்த்துவிடும். மாம்பழ சீசனில் கொட்டையைக் கண்ட இடத்தில் போடக் கூடாது. விழுங்கிக் குடலில் அடைத்தால் ஆபரேஷன்தான். தடுப்பூசியை வருஷா வருஷம் மறக்கக் கூடாது.

2025 ஆகஸ்ட் 22 உத்தரவில் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது, தெரு நாயைத் தத்தெடுக்க விரும்புகிறவர்கள் உள்ளாட்சியிடம் விண்ணப்பிக்கலாம், ஆனால் அது திரும்பத் தெருவுக்கு வராமல் பார்ப்பது அவர்கள் பொறுப்பு என்று. அந்த இரண்டாவது பாதியைப் படித்துவிட்டு எடுங்கள்.

வீட்டுக்கு வந்தால் ஜாதியைக் கேட்காதீர்கள். எதற்கெல்லாம் பயப்படும் என்று கேளுங்கள். தக்காளி லோடு வண்டி ரிவர்ஸ் எடுக்கும் சத்தம், குடை விரிப்பது, பெல்ட் கழற்றுவது என்று மணிக்கணக்கில் சொல்வேன்.

போன வெள்ளிக்கிழமை செம்பி உள்ளே படுத்திருந்ததை மறந்து அம்மா கூடத்தைக் கூட்ட ஆரம்பித்துவிட்டார். அது ஓடவில்லை. சீமாறு பக்கத்தில் வந்ததும் எழுந்து, இரண்டடி தள்ளிப் போய்ப் படுத்துக்கொண்டது.