ரோமைச் சாய்த்தது இலவச ரொட்டி இல்லை

இலவசத் திட்டங்களைப் பற்றி எங்கே விவாதம் நடந்தாலும் யாராவது ஒருவர் ரோமை இழுத்துக்கொண்டு வருவார். "ரொட்டியும் சர்க்கஸும் கொடுத்தே ரோம் அழிந்தது. மக்கள் சோம்பேறி ஆனார்கள், பேரரசு விழுந்தது." கீழே வரிசையாகக் கைதட்டல்கள். ரோம வரலாற்றை ஆசையோடு படித்து வருகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், இது பொய்க்கதை. சும்மா ஒரு தகவல் பிழை என்றால் கடந்துபோயிருப்பேன். ஆனால் வாழ்நாள் முழுக்க மூட்டை சுமந்து, மாவு பிசைந்து, வாடகைக்கு அல்லாடிய ஒரு நகரத்து மக்கள் மேல் இது பழி போடுகிறது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் அந்த வாசகத்தை எடுத்துக்கொள்வோம். சொன்னவர் ஜூவெனல் என்ற அங்கதக் கவிஞர், காலம் கி.பி. இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கம். ஒரு காலத்தில் படைத்தலைமையையும் பெரும் பதவிகளையும் தூக்கிக் கொடுத்த மக்கள், இன்று ரொட்டி, தேர்ப்பந்தயம் (ரோமில் சர்க்கஸ் என்றது இதைத்தான்) என்ற இரண்டுக்கு மட்டும் ஏங்குகிறார்களே என்பது அவர் புலம்பல். அதாவது, மக்கள் கையில் ஓட்டு இல்லாமல் போனதைப் பற்றித்தான் பேசுகிறார். அந்த ஓட்டு எப்படிப் போனது? கி.பி. 14-இல் முதல் பேரரசர் அகஸ்டஸ் இறந்து திபேரியஸ் பதவிக்கு வந்தார். அதே ஆண்டில், அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் உரிமை மக்களிடமிருந்து, மேல்தட்டினர் மன்றமான செனட்டுக்கு மாற்றப்பட்டது. வரலாற்றாசிரியர் டசிட்டஸ் இதை எழுதியிருக்கிறார். மக்கள் முணுமுணுத்தார்களாம். செனட்காரர்களுக்கோ ஒரே நிம்மதியாம், இனிமேல் காசு செலவழித்து, தெருவில் இறங்கிக் கெஞ்சி ஓட்டுக் கேட்க வேண்டாம் என்று. ரொட்டிக்காக யாரும் ஓட்டை விற்கவில்லை. அது மேலிருந்து பிடுங்கப்பட்டது. ஜூவெனல் எழுதும்போது அந்தப் பிடுங்கல் நடந்து சுமார் நூறு ஆண்டு ஆகிவிட்டது.

சரி, அந்த ரொட்டி எவ்வளவுதான் கிடைத்தது?

தொடங்கியவர் மக்கள் பிரதிநிதியாக இருந்த கையஸ் கிராக்கஸ், கி.மு. 123. அப்போது இலவசம் கிடையாது, நிலையான ஒரு குறைந்த விலைக்குக் கோதுமை. கூடவே தானியக் கிடங்குகளும் கட்டினார். மழை பொய்த்தாலும், கப்பல் மூழ்கினாலும், வியாபாரி பதுக்கினாலும் ஏழை வீட்டில் அடுப்பு எரிய வேண்டும், அவ்வளவுதான் நோக்கம். முழு இலவசமாக ஆனது கி.மு. 58-இல், குளோடியஸ் கொண்டுவந்த சட்டத்தால். வாங்குவோர் எண்ணிக்கை 3,20,000 வரை போனது. ஜூலியஸ் சீசர் தெருத்தெருவாகக் கணக்கெடுத்து அதை 1,50,000 ஆகக் குறைத்தார். அகஸ்டஸ் காலத்தில் 2,00,000 பேர் சொச்சம். நகரத்தின் மக்கள்தொகை பத்து லட்சத்தை ஒட்டி இருந்திருக்கும் என்பது பொதுவான மதிப்பீடு. பட்டியலில் இருந்தவர்கள் நகரத்தில் குடியிருந்த ஆண் குடிமக்கள் மட்டும். பெண்களுக்குக் கிடையாது, வெளியூர்க்காரருக்குக் கிடையாது, அடிமைகளுக்குக் கிடையவே கிடையாது.

ஓர் ஆளுக்கு மாதம் 5 மோடியஸ். நம் கணக்கில் சுமார் 33 கிலோ, அதுவும் அரைக்காத கோதுமை. சுட்ட ரொட்டியாகக் கொடுக்கத் தொடங்கியது மூன்றாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில், பேரரசர் அவுரேலியன் காலத்தில்தான். அதற்கு முன்னால் கிட்டத்தட்ட நான்கு நூற்றாண்டு, வாங்கியவர் தானே சுமந்து போய், அரைத்து, கூலி கொடுத்துச் சுட்டுக்கொள்ள வேண்டும். இந்த 33 கிலோவை எதோடு ஒப்பிடலாம்? மூத்த கேட்டோ, பண்ணை நடத்துவது பற்றி எழுதியபோது, வயலில் வேலை செய்யும் அடிமைக்குக் குளிர்காலத்தில் மாதம் 4 மோடியஸும் வெயில் காலத்தில் நாலரையும் கொடுக்கச் சொல்கிறார். ரோமின் சுதந்திரக் குடிமகனுக்கு அரசு கொடுத்தது பண்ணையடிமையின் படியைவிட அரை முதல் ஒரு மோடியஸ் கூடுதல். மனைவி, பிள்ளைகள், வீட்டு வாடகை, எண்ணெய், விறகு, துணிமணி எல்லாவற்றுக்கும் அவன் உழைத்துத்தான் ஆக வேண்டும். இதில் சோம்பேறியாக இருக்க எங்கே இடம்?

அந்த மக்களுக்கு இது எப்படிப்பட்ட விஷயமாக இருந்தது என்பதற்கு ஒரு கல்லறைக் கல்வெட்டு இருக்கிறது. கையஸ் செர்கியஸ் அல்கிமஸ் என்ற குழந்தை. மூன்று வருடம், மூன்று மாதம், மூன்று நாள் வாழ்ந்தான். அடுத்த வரி, "பத்தாம் நாள், 39-ஆம் வாசலில் தானியம் பெற்றான்." அவ்வளவுதான் கல்வெட்டு. இன்னாருக்கு இன்ன நாள், இன்ன வாசல் என்று நம் ரேஷன் கடை போல முறைவைத்துக் கொடுத்தார்கள். செத்துப்போன பிள்ளையைப் பற்றிச் சொல்ல அந்தப் பெற்றோருக்குக் கிடைத்த பெருமை, அவன் பெயர் அந்தப் பட்டியலில் இருந்தது என்பது. நீயும் இந்த நகரத்தின் ஆள் என்று அரசு ஒப்புக்கொண்டதற்கான சாட்சி அது. இதைப் பிச்சை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அடுத்து, உழைப்பைப் பற்றி. ரோமில் போர்த்தா மஜ்ஜோரே என்ற பழைய நகரவாசலுக்கு வெளியே விசித்திரமான ஒரு கல்லறை நிற்கிறது. மார்க்கஸ் வெர்கிலியஸ் யூரிசாசெஸ் என்பவருடையது, கி.மு. முதல் நூற்றாண்டு. ரொட்டி சுடுகிறவர், அரசுக்கு ஒப்பந்தம் எடுத்தவர். பெயரை வைத்துப் பார்த்தால் முன்பு அடிமையாக இருந்து விடுதலை பெற்றவராக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் நினைக்கிறார்கள். கல்லறை முழுக்க வட்ட வட்டமாகப் பெரிய துளைகள். மாவு பிசையும் தொட்டிகளின் வடிவம் என்று பலரும் கருதுகிறார்கள். மேலே சுற்றிவரும் புடைப்புச் சிற்பங்களில் ஒரு ரொட்டிக்கூடத்தின் முழு நாளும் இருக்கிறது. தானியம் வந்து இறங்குகிறது, கணக்கெழுதுகிறார்கள், விலங்குகள் ஆட்டுக்கல்லைச் சுற்றுகின்றன, சலிக்கிறார்கள், பிசைகிறார்கள், நீள மேசைகளில் வரிசையாக நின்று உருட்டுகிறார்கள், ஒருவன் நீளக் கரண்டியால் அடுப்புக்குள் தள்ளுகிறான், கடைசியில் கூடைகளில் அடுக்கித் தராசில் நிறுக்கிறார்கள். தளபதிகள் கல்லறையில் போரைச் செதுக்கிய ஊரில் இந்த மனிதர் வேலையைச் செதுக்கி வைத்தார். மனைவி அதிஸ்தியாவுக்கான கல்வெட்டில், மிக நல்ல பெண், அவள் உடலின் மிச்சம் இந்த ரொட்டிக்கூடையில் இருக்கிறது என்று எழுதியிருக்கிறார். பிற்காலத்தில் இந்தக் கல்லறையை மறைத்து வாசல் கோபுரம் கட்டிவிட்டார்கள். 1838-இல் அதை இடித்தபோதுதான் உள்ளேயிருந்து வெளியே வந்தது. ரோமுக்குப் போகிறவர்கள் கொலோசியத்தில் படம் எடுத்துவிட்டு அப்படியே திரும்பிவிடாதீர்கள், தயவுசெய்து இங்கேயும் போய்ப் பாருங்கள்.

இப்போது இலவசத்துக்கே வருகிறேன், பெரிய இலவசத்துக்கு. கி.மு. 167-இல் மாசிடோனியாவைக் கொள்ளையடித்துக் கொண்டுவந்த செல்வத்தால் கஜானா நிரம்பி வழிந்தது. அந்த ஆண்டிலிருந்து ரோமக் குடிமக்களின் சொத்துமீது போடப்பட்ட நேரடி வரி நிறுத்தப்பட்டது. சொத்து அதிகம் உள்ளவனுக்கு லாபமும் அதிகம். அப்புறம் பொதுநிலம். போரில் பிடித்த நிலத்தில் ஒருவர் 500 யூகெராவுக்கு (ரோம நில அளவு) மேல் வைத்துக்கொள்ளக் கூடாது என்று சட்டம் இருந்தது. பணக்காரர்கள் அதைக் காற்றில் பறக்கவிட்டு, தலைமுறை தலைமுறையாக வளைத்துப் போட்டிருந்தார்கள். மிச்ச நிலத்தை எடுத்து நிலமற்றவர்களுக்குப் பிரித்துக் கொடுங்கள் என்றார் கையஸின் அண்ணன் திபேரியஸ் கிராக்கஸ். கி.மு. 133-இல் செனட்காரர்களும் அவர்கள் ஆட்களும் உடைந்த பெஞ்சுக் கால்களால் அவரை அடித்தே கொன்றார்கள். கூடச் செத்தவர்கள் 300 பேருக்கு மேல், உடல்களைத் தைபர் ஆற்றில் எறிந்தார்கள். கி.மு. 121-இல் தம்பியும் போனார். வரியில்லாச் சொத்தும் வளைத்த நிலமும் ரோமப் பணக்காரர்களைச் சோம்பேறி ஆக்கியது என்று இணையத்தில் யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. 33 கிலோ கோதுமைதான் எல்லார் கண்ணையும் உறுத்துகிறது.

சிசரோ ஒரு சம்பவம் சொல்கிறார். கையஸின் தானியச் சட்டத்தை முழுமூச்சாக எதிர்த்தவர் பீசோ, கான்சல் பதவி வகித்த பெரிய மனிதர். சட்டம் நிறைவேறியதும் அவரே வரிசையில் வந்து நின்றார். கூட்டத்தில் அவரைப் பார்த்துவிட்டார் கிராக்கஸ். எதிர்த்துப் பேசிவிட்டு இப்போது வாங்க வந்திருக்கிறீர்களே என்று எல்லார் காதும் கேட்கக் கேட்டார். அதற்குப் பீசோ, என் சொத்தை நீ ஆளாளுக்குப் பிரித்துக் கொடுப்பது எனக்குப் பிடிக்காது, ஆனால் கொடுத்தால் என் பங்கை நான் வாங்கத்தான் செய்வேன் என்றார். பொதுக் கஜானாவை "என் சொத்து" என்று கூசாமல் சொன்னார் பாருங்கள், அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

ரோமப் பேரரசர்களுக்கு இந்தத் தானியம் ஒரு வாழ்வா சாவா பிரச்சினை. கி.பி. 51-இல் பஞ்சம் வந்தபோது மன்றத்தில் வைத்தே கிளாடியஸைக் கூட்டம் சூழ்ந்துகொண்டது, காய்ந்த ரொட்டித் துண்டுகளை அவர்மேல் எறிந்தது. நகரத்தில் அப்போது பதினைந்து நாள் தானியம்தான் இருப்பு என்கிறார் டசிட்டஸ். புயலில் கப்பல் போனால் நஷ்டத்தை அரசே ஏற்கும் என்று அறிவித்தார் கிளாடியஸ். தைபர் முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் புதுத் துறைமுகம் ஒன்றையும் கட்டத் தொடங்கியிருந்தார். கி.பி. 62-இல் அந்தத் துறைமுகத்துக்குள்ளேயே சுமார் 200 தானியக் கப்பல்கள் புயலில் நாசமாயின. அலெக்சாந்திரியாவிலிருந்து வரும் கப்பல்கள் எதிர்க்காற்றில் ஒரு மாதத்துக்கு மேல் திணறி வர வேண்டும். அவற்றின் பாய் தூரத்தில் தெரிந்ததும் புட்டியோலி ஊரே துறைக்கு ஓடியதாக செனெக்கா எழுதுகிறார்.

ரோமின் துறைமுக ஊரான ஆஸ்டியாவில் ஒரு கல்லறையில் கிடைத்த சுவரோவியம் இப்போது வத்திக்கானில் இருக்கிறது. "இசிஸ் கிமினியானா" என்ற ஆற்றுப்படகு. பின்பக்கம் சுக்கானைப் பிடித்தபடி தலைவன் பர்னாசெஸ். சுமைகாரர்கள் முதுகு வளைந்து பலகையில் ஏறி வருகிறார்கள். நடுவில் அபஸ்காந்தஸ் என்பவன் முன்னால் தானியத்தைக் கொட்டி அளக்கிறார்கள். முன்பக்கம் ஒருவன் உட்கார்ந்திருக்கிறான், அவன் தலைக்கு மேல் "முடித்தேன்" என்று எழுதியிருக்கிறது. சோம்பேறி ரோமர்கள் என்கிறோமே, அவர்கள் இவர்கள்தான்.

இந்த ஏற்பாட்டில் உண்மையான குற்றம் ஒன்று உண்டு. இலவசத்தை எதிர்ப்பவர்கள் அதைத் தொடுவதே இல்லை. அந்தக் கோதுமை யாருடையது? எகிப்து விவசாயியும் ஆப்பிரிக்க விவசாயியும் வரியாகக் கட்டியது. ஆண்டில் எட்டு மாதம் ஆப்பிரிக்காவும் நாலு மாதம் எகிப்தும் ரோமுக்குச் சோறு போட்டதாக ஜோசிபஸ் எழுதுகிறார். அரைத்தது யார்? 2023 கடைசியில் பொம்பேயில் ஒரு ரொட்டிக்கூடத்தைத் தோண்டி எடுத்தார்கள். வெளிச்சுவர் ஜன்னல் சின்னது, அதிலும் இரும்புக் கம்பி. தெருவுக்கு வழி கிடையாது. அடிமைகளையும் கழுதைகளையும் ஒன்றாக அடைத்து வைத்த இடம். கழுதைகள் கால் மாறாமல் சுற்றுவதற்காகத் தரைக் கல்லில் பள்ளம் வெட்டியிருக்கிறார்கள். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் அபுலேயஸ் இப்படிப்பட்ட ஆலை அடிமைகளை வர்ணித்திருக்கிறார். நெற்றியில் சூடு, பாதி மழித்த தலை, காலில் வளையம், கந்தல் வழியே தெரியும் தழும்புகள், உடம்பெல்லாம் வெள்ளையாக மாவு. கற்பனைக் கதையில் வரும் வர்ணனைதான், ஆனால் பொம்பேயின் அந்தத் தரையைப் பார்த்தபின் அதை மிகை என்று ஒதுக்க முடியவில்லை. ரோமின் ரொட்டியைக் குறை சொல்ல வேண்டுமா, இதற்காகச் சொல்லுங்கள். நானும் சேர்ந்துகொள்கிறேன்.

இனி அழிவு. கி.மு. 123-இல் தொடங்கிய தானிய வழங்கல், சர்வாதிகாரி சுல்லா நிறுத்தியது போன்ற இடைவெளிகளோடு, ஐந்தரை நூற்றாண்டு நடந்தது. கி.பி. 117 வாக்கில் டிராஜன் ஆட்சியில் பேரரசு தன் உச்ச அளவைத் தொட்டபோதும் நகரத்தில் இலவசக் கோதுமை கொடுத்துக்கொண்டுதான் இருந்தார்கள். மூன்றாம் நூற்றாண்டில் எண்ணெயும் சேர்ந்தது, பிறகு பன்றிக்கறியும் சேர்ந்தது. கி.பி. 439-இல் வாண்டல்கள் என்ற ஜெர்மானிய இனத்தார் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரத்தைப் பிடித்தார்கள். ஆப்பிரிக்கக் கோதுமை எதிரி கைக்குப் போனது. வரிவருமானம் போனது, படைக்குக் கூலி கொடுக்க முடியவில்லை, நகரத்துக்குப் படியளக்கவும் முடியவில்லை. 537-இல் கோத்துகள் என்ற இன்னொரு ஜெர்மானிய இனத்தார் ரோமை முற்றுகையிட்டு, நகரத்துக்குத் தண்ணீர் கொண்டுவந்த கால்வாய்களைத் துண்டித்தார்கள். லட்சக்கணக்கானோர் வாழ்ந்த நகரம் ஆறாம் நூற்றாண்டின் நடுவில் சில பத்தாயிரம் பேருக்குச் சுருங்கியது. ரொட்டி கிடைத்தவரை நகரம் நின்றது, நின்றுபோனதும் காலியானது. வரிசை இதுதான், தலைகீழாக இல்லை.

கிழக்கிலும் இதையே பார்க்கலாம். கிழக்குப் பேரரசின் தலைநகரான கான்ஸ்டாண்டிநோபிளில் 332-இல் தொடங்கிய இலவச ரொட்டி கிட்டத்தட்ட முந்நூறு ஆண்டு ஓடியது. 618-இல் அது நிறுத்தப்பட்டபோது மக்கள் கெட்டுப்போகிறார்கள் என்று யாரும் காரணம் சொல்லவில்லை. பாரசீகப் படை எகிப்துக்குள் வந்துவிட்டது, கோதுமைக் கப்பல்கள் வரவில்லை.