மாணவர் ஒருவருக்கு ஆகும் செலவு என்னும் கணக்கு

அரசுப் பள்ளிகளின் நிதி ஒதுக்கீடு பற்றிப் பேச்செழும்போதெல்லாம் ஒரே கணக்கைத்தான் பலரும் எடுத்து நீட்டுகிறார்கள். கல்விக்கு ஒதுக்கிய மொத்தத் தொகையை மாணவர் எண்ணிக்கையால் வகுத்து, வரும் ஈவை ஒரு தனியார் பள்ளியின் ஆண்டுக் கட்டணத்துக்கு அருகில் வைத்து, இதைவிடக் குறைவாகத் தனியார் நடத்திக் காட்டுகிறார்களே என்று முடித்துவிடுகிறார்கள். வகுத்தலில் பிழையில்லை, ஆனால் ஒப்பிடப்படும் இரண்டும் ஒரே இனத்தவை அல்ல.

கட்டணம் என்பது பெற்றோர் பள்ளிக்குச் செலுத்துவது. செலவு என்பது பள்ளியை நடத்த ஆவது. பேருந்து, சீருடை, மாலை நேரத் தனிப்பயிற்சி ஆகியவற்றுக்குப் பெற்றோர் தனியாகக் கொடுப்பதும், நிர்வாகத்துக்கு வரும் நன்கொடையும் வரிச்சலுகையும் கட்டண ரசீதில் தெரிவதில்லை. அரசின் கணக்கிலோ பாடநூல் முதல் அதிகாரிகளின் அலுவலகச் செலவு வரை அனைத்தும் அந்த ஓர் எண்ணுக்குள் அடங்கிவிடுகின்றன. வரிச்சலுகை சிறு தொகை என்று எண்ண வேண்டாம்: பிரிட்டனில் தனியார் பள்ளிக் கட்டணத்துக்கு 2025 ஜனவரி 1 முதல் 20 விழுக்காடு மதிப்புக் கூட்டு வரி விதிக்கப்பட்டபோது எழுந்த எதிர்ப்பே, அதுவரை இருந்த விலக்கின் மதிப்பைச் சொல்லிவிட்டது.

யாரைச் சேர்ப்பது என்பது அடுத்தது. அரசுப் பள்ளி எந்தக் குழந்தையையும் திருப்பி அனுப்ப முடியாது. அமெரிக்காவில் மாற்றுத்திறன் கொண்ட குழந்தைகளுக்கு உரிய கல்வி அளிப்பதை 1975ஆம் ஆண்டுச் சட்டம் அரசுப் பள்ளிகளின் கடமையாக்கியது. அதற்கான கூடுதல் செலவுக்காக, சராசரி மாணவர் செலவில் 40 விழுக்காடு வரை கூட்டாட்சி அரசு தரலாம் என்றும் வகுத்தது. அந்த அளவை அது இன்றுவரை எட்டியதில்லை. கடமை முழுமையாக வந்தது, பணம் வரவில்லை.

எனக்கு மிகவும் உறுத்துவது சிறிய பள்ளிகளின் நிலை. இந்தியாவின் கல்வி உரிமைச் சட்டப்படி, 60 குழந்தைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள் வேண்டும். அந்த அறுபதில் முப்பது பேர் தனியார் பள்ளிக்குப் போய்விட்டாலும் அதே இரு ஆசிரியர்கள், அதே கட்டடம், அதே மின்கட்டணம்தான். மாணவர் ஒருவருக்கான செலவு மட்டும் ஏறத்தாழ இரு மடங்காகிவிடும். பிள்ளைகள் வெளியேறியதால் ஏறிய எண்ணையே ஆதாரமாகக் காட்டி, இவ்வளவு செலவழித்தும் பயனில்லை, பள்ளியை மூடிவிடலாம் என்கிறார்கள். இதைச் சிக்கனம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

குறைந்த கட்டணத் தனியார் பள்ளிகள் மிச்சம் பிடிப்பது பெரும்பாலும் ஆசிரியர் ஊதியத்தில்தான். எந்தப் பள்ளியிலும் பெருஞ்செலவு அதுதானே. வேறு வேலை கிடைத்ததும் ஆண்டின் நடுவில் ஆசிரியர் விலகிப் போவதற்கான விலையை எந்த ஏட்டிலும் எழுதுவதில்லை.

அரசுப் பள்ளிகளில் வீண்செலவே இல்லை என்று நான் வாதிடவில்லை. வகுப்பறை கட்டியாகிவிடும், ஆசிரியர் பணியிடம் காலியாகவே கிடக்கும். கருவிகள் பெட்டியோடு பூட்டிக் கிடக்கும். நிதியாண்டு முடியும் தறுவாயில் வரும் பணம் அவசரமாகத்தான் செலவாகும். இவற்றைத் தணிக்கை செய்து கேட்க வேண்டும்.

சிலி நாடு 1981 முதல் மாணவர் எண்ணிக்கைப்படி அரசு, தனியார் என இரு வகைப் பள்ளிகளுக்கும் மானியம் தந்தது. ஏழை மாணவருக்குக் கூடுதல் தொகை வேண்டும் என்று 2008இல் தனிச் சட்டம் இயற்றியது. மானியம் பெறும் பள்ளிகள் மாணவரைத் தேர்ந்தெடுப்பதையும் இலாபம் ஈட்டுவதையும் 2015ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடுக்க முனைந்தது. தலைக்கு இவ்வளவு என்ற கணக்கு மட்டும் போதவில்லை என்பதையே இது காட்டுகிறது. எனவே, பொதுப்பணத்தில் ஒரு பங்கைப் பெறும் எந்தத் தனியார் பள்ளியும் ஆசிரியருக்கு என்ன கொடுத்தது, எந்தக் குழந்தைகளை மறுத்தது என்பதை அரசுப் பள்ளியைப் போலவே பொதுவெளியில் வைக்கட்டும். ஒப்பீட்டை அதன்பிறகு தொடங்கலாம்.