“கொஞ்சம் பொறுங்கோ, விலை இறங்கும்”

யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு, கணினி வாங்கப் போகிறேன் என்று வாய் திறந்து ஒருவரிடமும் சொல்லிவிடக்கூடாது. சொன்ன மறுகணமே, சலூனில் பக்கத்துக் கதிரையில் இருப்பவர் தொடக்கம் பாரிஸிலிருந்து அழைக்கும் மைத்துனன் வரை அத்தனை பேரும் சந்தை நிபுணர்களாகிவிடுகிறார்கள். அவர்கள் எல்லோரிடமும் இருக்கும் ஆலோசனையோ ஒன்றே ஒன்று: “கொஞ்சம் பொறுங்கோ, விலை இறங்கும்.” நான் ஐந்து ஆண்டுகளாகப் பொறுத்துப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

என் தொழில் பக்க வடிவமைப்பு. திருமண அழைப்பிதழ், கோயில் மலர், எல்லாவற்றுக்கும் மேலாக, ஒருவர் இறந்து 31ஆம் நாள் நடக்கும் அந்தியேட்டிக் கிரியைக்குக் கொடுக்கும் ‘கல்வெட்டு’ என்ற நினைவு மலர். அழைப்பிதழ் ஒரு நாள் பிந்தினால் ஏச்சு வாங்கிக்கொண்டு தப்பலாம். அந்தியேட்டியை எந்தக் கணினிக்காகவும் தள்ளிவைக்க முடியாது.

2021இல் கஸ்தூரியார் வீதியில் ஒரு கடையில் விலை கேட்டபோது 160,000 ரூபா சொன்னார்கள். உலகம் முழுவதும் சில்லுத் தட்டுப்பாடு நிலவிய காலம் அது என்பதால், “கொரோனா முடிய விலை விழும்” என்று மைத்துனன் சொன்னது எனக்கும் நியாயமாகவே பட்டது. 2022 மார்ச்சில் ரூபாவை மிதக்கவிட்டார்கள். 200 ரூபா அளவில் கட்டிவைக்கப்பட்டிருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாவைத் தாண்டியது. நான் விலை கேட்டுவைத்த அதே கணினிக்கு அதே கடையில் 310,000 ரூபா சொன்னார்கள். மார்ச் இறுதியில் ஒரு நாளில் 13 மணி நேரம் மின்சாரம் இல்லாமல் இருந்த நாட்டில், கணினி வாங்காதது ஒருவகையில் புத்திசாலித்தனம் என்று அப்போது மனதைத் தேற்றிக்கொண்டேன்.

பிறகு டொலர் 300 ரூபா அளவுக்கு இறங்கியது. விலை இறங்கியதா என்றால், அதுதான் இல்லை. டொலர் ஏறும் நாளில், போன வருடம் இறக்கி அலுமாரியில் தூசி பிடித்துக் கிடக்கும் பெட்டிக்கும் இன்றைய விலை. டொலர் இறங்கும் நாளில் மட்டும் “இது பழைய ஸ்டொக் அண்ணை, கூடின விலைக்கு எடுத்தது” என்று அதே பெட்டியைக் காட்டுகிறார்கள். ஏறும்போது மின்தூக்கியிலும் இறங்கும்போது படியிலும் வரும் இந்த விலைக்காகக் காத்திருக்கச் சொன்னவர்களில் ஒருவராவது அந்தக் கடை வாசலில் என்னோடு வந்து நின்றதில்லை. 2024 ஜனவரி முதலாம் திகதி வற் எனப்படும் பெறுமதி சேர் வரி 15 வீதத்திலிருந்து 18 வீதமாகியது. அன்றும் பொறுக்கத்தான் சொன்னார்கள்.

இதற்கிடையில் மைத்துனன் தான் பாவித்த மடிக்கணினி ஒன்றை ஆள் மூலம் அனுப்பிவைத்தான். பிரான்ஸில் வாங்கியது என்பதால் விசைப்பலகையும் பிரெஞ்சு முறையில் இருந்தது. வழக்கமான ஆங்கில விசைப்பலகையில் ஏ (A) இருக்கும் இடத்தில் அங்கே கியூ (Q) இருக்கிறது. நான் இருபது ஆண்டுகளாக, ஆங்கில விசைகளைத் தட்டத் தமிழ் எழுத்து விழும் பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்பவன். விரல் பழக்கத்தில் ‘யாழ்ப்பாணம்’ என்று அடிக்கத் தொடங்கினால் முதல் எழுத்தே ‘ங’ ஆகிவிடுகிறது. ‘ண’ வரவேண்டிய இடத்தில் ‘ற’ வந்து நிற்கிறது. அமைப்பில் மாற்றலாம்தான், மாற்றினேன். ஆனால் விசையில் அச்சிட்டிருப்பது ஒன்றாகவும் திரையில் விழுவது வேறொன்றாகவும் இருந்ததால், எனக்கு உதவிக்கு வரும் பிள்ளை இரண்டாம் நாளே அதைத் தொட மறுத்துவிட்டாள். போதாக்குறைக்கு அது இன்டெல் ஏழாம் தலைமுறை. விண்டோஸ் 11, ஒன்றிரண்டு விதிவிலக்குத் தவிர, எட்டாம் தலைமுறைக்கு முந்திய இன்டெல் செயலிகளை ஏற்பதில்லை. விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவும் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் முடிந்தது. நன்றாக ஓடுகிற ஒரு யந்திரத்துக்கு அமெரிக்காவிலிருந்து நாள் குறித்து விடுகிறார்கள். நாங்கள் இங்கே உதிரிப்பாகம் தேடுகிறோம்.

புதிது வாங்கினால் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று நினைப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். என்னுடைய பழைய வேலைகளில் பாதி பேஜ்மேக்கரில் கிடக்கிறது. 2001இல் வந்த ஏழாம் பதிப்போடு நின்றுபோன மென்பொருள் அது. அதற்குப் பதிலாக வந்த இன்டிசைன் மென்பொருளில் சிஎஸ்6 பதிப்பு வரைதான் அந்தக் கோப்புகள் திறக்கும், அதற்குப் பிந்திய பதிப்புகளில் திறக்காது. தகப்பனுக்கு அடித்த கல்வெட்டைப் போலவே தாய்க்கும் வேண்டும் என்று பதினைந்து வருடம் கழித்து வந்து நிற்கும் மகனுக்கு இதை எப்படி விளங்கப்படுத்துவது?

இத்தனை ஆண்டுகளில் உருப்படியாக ஒரு யோசனை சொன்னவன் திருத்தக் கொடுத்த கடையில் வேலைசெய்யும் தம்பிதான். 2023இல் 9,500 ரூபாவுக்குப் என் பழைய கணினியின் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு, அதைவிட வேகமான எஸ்எஸ்டி சேமிப்பகம் ஒன்றைப் பூட்டினான். ஆளியைப் போட்டுவிட்டுத் தேத்தண்ணி குடித்து முடியும்வரை காத்திருந்த கணினி அரை நிமிடத்தில் எழும்பியது. நிபுணர்கள் ஒருவர்கூட அதைச் சொல்லவில்லை, ஏனென்றால் அதற்குப் பொறுக்கத் தேவையில்லை.

கடைசியாக 2025 முடிவில் வாங்கியே தீருவது என்று துணிந்தேன். அந்த நேரம் பார்த்து, ராம் என்ற நினைவகம் செய்யும் நிறுவனங்கள் செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்களின் பக்கம் திரும்பிவிட்டன. மைக்ரோன் நிறுவனம், சாதாரண பாவனையாளர்கள் வாங்கிவந்த தன் குருஷல் வணிகத்திலிருந்தே விலகப்போவதாக டிசம்பரில் அறிவித்தது. 16 ஜிபி ராம் ஒன்றுக்கு ஆடி மாதம் நான் கேட்ட விலையின் மூன்று மடங்கைச் சொன்ன கடைக்காரர், முழுக் கணினிக்கும் விலையை எழுதித் தந்த துண்டின் அடியில் “இன்று மாலை வரை மட்டும்” என்று எழுதிக் கோடும் இழுத்துத் தந்தார். மீன் சந்தையில்கூட எனக்கு இவ்வளவு அவசரப்படுத்தல் நடந்ததில்லை.

துண்டோடு வீட்டுக்கு வந்து இரண்டு வாரம் யோசித்தேன். ஒரு கல்வெட்டுக்கு 27ஆம் நாள், 24 பக்கத்தில் 17ஆம் பக்கம் திரையில் இருக்கும்போது, பழைய கணினியின் பவர் சப்ளை கருகி மணத்தது. இறந்தவரின் மகன் படங்கள் போட்ட கடித உறையுடன் பின்னால் நின்றார். அன்று பின்னேரமே போய், துண்டில் இருந்ததைவிட 14,000 ரூபா கூடக் கொடுத்துப் புதிய கணினியை எடுத்துவந்து, இரவிரவாக இருந்து வேலையை முடித்தேன்.

மறுநாள் மைத்துனன் அழைத்தான். “ஏன் அத்தான் அவசரப்பட்டனீங்கள்? அடுத்த வருசம் ராம் விலை இறங்குமாம்.”