புது நர்ஸை முதல் மாதமே தனியாக நைட் டியூட்டிக்குப் போடாதீர்கள்

வார்டுக்குப் புதிதாக வரும் நர்ஸிடம் சீனியர்கள் பலர் முதலில் கேட்பது, "காலேஜ்ல என்னதான் சொல்லிக் கொடுத்தாங்க உனக்கு?" இந்தக் கேள்வியை நாம் விட்டுவிட வேண்டும் என்று பல நாளாக எழுத நினைத்திருந்தேன்.

டிப்ளமோ என்றால் மூன்று வருடம், பி.எஸ்சி. என்றால் நான்கு வருடம் படித்து, நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்துவிட்டுத்தான் அந்தப் பெண் வருகிறாள். 500 மி.லி. பாட்டில் நான்கு மணி நேரத்தில் முடிய வேண்டுமென்றால் நிமிடத்துக்கு எத்தனை சொட்டு என்று கேளுங்கள், 42 என்று கணக்குப் போட்டுச் சொல்லிவிடுவாள். ஆனால் ஒரே நேரத்தில் ஆறு பாட்டில் முடிகிறது, எட்டாம் பெட் ஐயாவுக்குக் கை வீங்கி ஊசி வெளியே வந்துவிட்டது, ஆபரேஷன் தியேட்டரிலிருந்து நோயாளியை எடுத்துப் போகச் சொல்லி போன், வாசலில் ஒரு அம்மா "சிஸ்டர், சிஸ்டர்" என்று கூப்பிடுகிறார். இதில் எதை முதலில் பார்ப்பது, எது பத்து நிமிடம் பொறுக்கும் என்பதை எந்தக் காலேஜும் கற்றுத் தர முடியாது. வார்டில் பக்கத்தில் நின்று ஒருவர் செய்துகாட்டினால்தான் வரும். அப்படி நிற்க வேண்டியவர்கள் நாம்தான்.

இன்சுலினை எடுத்துக்கொள்வோம். நம் ஊர் வார்டுகளில் அதிகம் புழங்குவது மி.லி.க்கு 40 யூனிட் உள்ள வயல், அதாவது மருந்துக் குப்பி. அதற்குச் சிவப்பு மூடி போட்ட 40 சிரிஞ்ச். மி.லி.க்கு 100 யூனிட் மருந்துக்கு ஆரஞ்சு மூடி சிரிஞ்ச். டிரேயில் இரண்டும் கலந்து கிடக்கும். 40 வயலில் இருந்து ஆரஞ்சு சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 8 யூனிட்தான். மாற்றி, 100 மருந்தைச் சிவப்பு சிரிஞ்சில் 20 கோடு இழுத்தால் 50 யூனிட் போய்விடும். சர்க்கரை விழுந்து, விடிவதற்குள் நோயாளிக்கு நினைவு தப்பிவிடும். பொட்டாசியம் குளோரைடும் அப்படித்தான். பத்து மி.லி. ஆம்பூல், அதாவது உடைத்து எடுக்கும் சின்னக் குப்பி, பார்க்க டிஸ்டில்ட் வாட்டர் மாதிரியே இருக்கும். அதை டிரிப்பில் கலந்து மெதுவாக ஏற்றாமல் நேராக நரம்பில் போட்டால் இதயம் நின்றுவிடும். பாடப் புத்தகத்தில் இதெல்லாம் இருக்கிறதுதான். ஆனால் ராத்திரி மூன்று மணிக்கு, மங்கலான லைட்டில், கையில் ஆம்பூலோடு நிற்கும்போது சந்தேகம் வந்தால் அவள் வாயைத் திறந்து கேட்பாளா என்பதுதான் கேள்வி.

காலையில் எல்லோர் முன்னாலும் "இதுகூடத் தெரியாதா?" என்று நாம் கேட்டிருந்தால் ராத்திரி அவள் கேட்க மாட்டாள். தானாக முடிவெடுத்துவிடுவாள். அதனால்தான் திட்டுவதை நான் வெறும் மரியாதைப் பிரச்சினையாகப் பார்ப்பதில்லை. அது நோயாளியின் உயிர் சம்பந்தப்பட்டது.

"நாங்களும் இப்படித் திட்டு வாங்கித்தான் கத்துக்கிட்டோம்" என்று என் வயதுக்காரர்கள் சொல்வார்கள். வாங்கினோம், உண்மைதான். ஆனால் நமக்கு வேலை வந்தது அந்தத் திட்டினால் அல்ல. கூட்டமில்லாத ஒரு மதியத்தில் யாரோ ஒரு அக்கா கையைப் பிடித்து நரம்பைத் தொட்டுக்காட்டி, "இங்க அமுக்கிப் பாரு, ஸ்பிரிங் மாதிரி எழும்புதா, இதுல போடு" என்று சொன்னாரே, அதனால் வந்தது.

மூச்சு எண்ணுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். பல வார்டுகளில் கேஸ் ஷீட்டைப் புரட்டினால் எல்லா நோயாளிக்கும் 18, 20, 18 என்றே எழுதியிருக்கும். புதியவர்கள் அதைப் பார்த்து அப்படியே எழுதப் பழகிவிடுகிறார்கள். நோயாளி மோசமாவதைப் பல நேரம் முதலில் காட்டுவது இந்த எண்தான். பி.பி. இறங்குவதற்கு முன்பே மூச்சு 26, 28 என்று ஏறியிருக்கும். மானிட்டர் இல்லாத பொது வார்டில் நம் கண்ணும் கைக்கடிகாரமும்தான் மானிட்டர். நாடி பார்ப்பது போலவே மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, நெஞ்சு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் முழுக்க எண்ண வேண்டும். எண்ணுகிறோம் என்று தெரிந்தால் நோயாளி மூச்சை மாற்றிவிடுவார். இதை நாம் தினமும் செய்தால் அவளும் செய்வாள். சொல்லிக்கொடுக்கவே வேண்டாம்.

அப்புறம், வார்டில் அவள் பார்க்கும் முதல் சாவு. இதை யாரும் பேசுவதில்லை. காலையில் "நல்லா இருக்கியாம்மா?" என்று கேட்ட தாத்தா சாயந்திரம் போய்விடுவார். கையில் குத்தியிருக்கும் வென்ஃப்ளான் ஊசியை எடுத்து, டியூப்களை எடுத்து, தாடையைக் கட்டி, உடம்பைத் துடைத்து, கதறும் சொந்தக்காரர்களிடம் கொடுக்க வேண்டும். அதற்குள் பக்கத்து பெட்டில் பெட்பேன் கேட்பார்கள். அந்த நேரத்தில் "இதெல்லாம் பழகிடும்" என்று சொல்லிவிட்டு நகர்வது மிகத் தவறு. உடம்பைத் தயார் செய்யும்போது சீனியர் கூடவே நிற்க வேண்டும். முடிந்ததும் அவளை டீ குடிக்க அனுப்பிவிட்டு, பத்து நிமிடம் அவள் பெட்களை நாம் பார்த்துக்கொள்ள வேண்டும். அழுதால் அழட்டும்.

சரி, இதற்கெல்லாம் ஆள் எங்கே என்று கேட்பீர்கள். கேட்பது நியாயம். மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மூன்று நோயாளிக்கு ஒரு நர்ஸ், மற்ற பொது மருத்துவமனையில் ஐந்து பேருக்கு ஒருவர் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் அளவு. நாற்பது பெட் வார்டை இரவில் இரண்டு பேர் பார்த்தவர்களுக்கு இந்தக் கணக்கு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று தெரியும். அந்த இடங்களை நிரப்பச் சொல்லிக் கேட்டுக்கொண்டேதான் இருக்க வேண்டும். ஆனால் ஆள் குறைவு என்பதையே காரணமாகச் சொல்லி, வந்து பதினைந்து நாள்கூட ஆகாத பெண்ணைத் தனியாக நைட்டில் போடுவதை என்னால் ஏற்க முடியாது. ஆள் குறைவான வார்டில்தான் தவறு நடந்தால் கவனிக்கவும் ஆள் இருக்காது.

டியூட்டி லிஸ்ட் போடும் இன்சார்ஜ் சிஸ்டர்களிடம் கேட்பது இவ்வளவுதான். முதல் மாதம் முழுக்கப் புதியவர் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சீனியர் பெயரை எழுதுங்கள். இருவருக்கும் ஒரே ஷிஃப்ட், ஒரே நாளில் ஆஃப். அந்த சீனியருக்கு இன்டென்ட் எழுதி மருந்து, பொருள் வாங்குவது, ஸ்டாக் கணக்கு போன்ற வேலைகளைக் குறைத்துக் கொடுங்கள். முதல் வாரம் ஓவர் கொடுக்கும்போது, அதாவது ஷிஃப்ட் முடிந்து நோயாளிகளை அடுத்தவரிடம் ஒப்படைக்கும்போது, சீனியர் பேசட்டும், புதியவர் பக்கத்தில் நின்று கேட்கட்டும். இரண்டாவது வாரத்திலிருந்து அவளே ஒவ்வொரு பெட்டாகப் போய் ஓவர் கொடுக்கட்டும். விட்டுப்போனதை சீனியர் அங்கேயே, நோயாளி காதில் விழாமல், அவளிடம் சொல்லிவிடலாம்.