"எங்கேயாவது படும்" என்று சுடாதீர்கள்

மலேசியாவில் பீடோர் பக்கத்துச் செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டங்களில் பன்றி சுடப் போகிற தம்பிகள் இதை அடிக்கடி சொல்கிறார்கள்: "ஷாட்கன்தானே அண்ணே, குண்டு பரந்து போகும், எங்கேயாவது படும்." இந்த 'எங்கேயாவது' எனக்குக் கொஞ்சமும் ஏற்பில்லை. கையில் உரிமம் இருக்கலாம், செம்பனைக் கன்றுகளைப் பன்றி நாசம் பண்ணியிருக்கலாம். அதற்காக வயிற்றில் ஈயத்தோடு ஓர் உயிரை ஓடவிட்டுச் சாகடிக்க நமக்கு என்ன உரிமை?

கணக்கைப் பாருங்கள். 12 போர் துப்பாக்கிக்கான வழக்கமான டபுள் ஓ பக்‌ஷாட் தோட்டாவில் 9 பெரிய ஈயக் குண்டுகள். குண்டுகள் பரவாமல் ஒடுக்கும் குழல்முனையான சோக் இல்லாத குழலில் கெஜத்துக்கு ஏறக்குறைய ஓர் அங்குலம் விரியும். 40 கெஜத்தில் 40 அங்குல வட்டம். இதயமும் நுரையீரலும் இருக்கிற இடமோ ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுதான். அதற்குள் சராசரியாக ஒரு குண்டுகூட விழாது. மற்றவை குடலிலும் தொடையிலும் இறங்கும், அல்லது வீணாகப் போகும். 25 கெஜத்தைத் தாண்டினால் நான் பக்‌ஷாட் சுடுவதில்லை. சுடுதளத்தில் அட்டையில் சுட்டு, தன் துப்பாக்கி எப்படி விரிக்கிறது என்று பார்க்காதவர் தோட்டத்துக்குள் வரவே கூடாது.

அப்புறம் இந்த அமெரிக்க மான் வேட்டைக் காணொளிகள். இல்லினாய் போன்ற மாநிலங்களில் நெடுங்காலம் மானை ஷாட்கன்னால்தான் சுட்டார்கள். சமவெளி, சுற்றிலும் வீடுகள், ரைபிள் குண்டு வெகுதூரம் போய்விடும். அவர்கள் பக்கவாட்டில் நிற்கும் மானின் முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னே குறி வைப்பதைப் பார்த்து, இங்கே பன்றிக்கும் அப்படியே வைக்கிறார்கள். பன்றிக்கு இதயமும் நுரையீரலும் இன்னும் முன்னால், இன்னும் தாழ்வாக இருக்கின்றன. மானுக்கு வைக்கிற இடத்தில் வைத்தால் ஈரலோ வயிறோதான் கிழியும். ஆண் பன்றிக்குத் தோளில் தடித்த கவசத் தோல் வேறு. பக்கவாட்டில், அசையாமல், முன்னங்கால் தெளிவாகத் தெரிய நிற்கிறதா? சுடுங்கள். ஓடுகிறதா, முகத்தைக் காட்டி நிற்கிறதா, புதருக்குள் பாதி மறைந்திருக்கிறதா? விட்டுவிடுங்கள்.

ரூசா (கடமான்), கிஜாங் (கேளையாடு) பக்கம் துப்பாக்கியைத் திருப்பவே வேண்டாம். தீபகற்ப மலேசியாவில் 2009இல் வனவிலங்குத் துறை அந்த வேட்டையை நிறுத்தியது. காட்டில் மிஞ்சியிருக்கும் 150க்கும் குறைவான புலிகளுக்கு ரூசாதான் முக்கிய இரை.

சுட்டுவிட்டு "போய்விட்டது" என்று வீட்டுக்குக் கிளம்புவதுதான் எனக்குப் பொறுக்காத விஷயம். நுரை கலந்த சிவப்பு ரத்தம் என்றால் நுரையீரல், பக்கத்திலேயே விழுந்திருக்கும். கறுத்த ரத்தமோ, குடல் நாற்றமோ என்றால் உடனே துரத்தாதீர்கள். காத்திருந்து, பிறகு இரண்டு பேராகத் தடம் பிடித்துப் போங்கள். கிடைக்கவில்லையா, அன்றைக்கே மண்டோரிடம் (தோட்ட மேற்பார்வையாளர்) எந்த மர நிரை என்று சொல்லிவிடுங்கள். மறுநாள் விடியற்காலையில் உதிரிப் பழம் பொறுக்க அங்கே போகிற அக்காக்களுக்குப் புதருக்குள் காயம்பட்ட பன்றி கிடப்பது தெரிய வேண்டும்.