கோழிக்குஞ்சைத் தலைகீழாகப் பிடித்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள்

"குஞ்சின் தீனிப்பை வீங்கினால் தலைகீழாகப் பிடித்துப் பிதுக்குங்கள், எல்லாம் வெளியே வந்துவிடும், அப்புறம் ஒரு ஸ்பூன் நல்லெண்ணெய் ஊற்றுங்கள்" என்று ஒரு தகவல் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. தயவுசெய்து செய்யாதீர்கள். கோழியின் மூச்சுக்குழாய் வாசல் நாக்குக்குப் பின்னாலேயே இருக்கிறது, நமக்கு இருப்பதுபோல் அதை மூடும் குரல்வளை மூடி அதற்குக் கிடையாது. மேலே வரும் புளித்த தண்ணீரும் ஊற்றுகிற எண்ணெயும் நேராக நுரையீரலுக்குப் போய், குஞ்சு கையிலேயே மூச்சடைத்துச் செத்துப்போகலாம்.

இன்னொன்று, சாயங்காலம் தின்றுவிட்டு வந்த குஞ்சின் நெஞ்சில் வலப்பக்கம் தீனிப்பை, அதாவது தின்றது முதலில் தங்கும் பை, புடைத்திருப்பது நோயே இல்லை. விடியற்காலையில், தீனி வைப்பதற்கு முன் தொட்டுப் பாருங்கள். தட்டையாக இருந்தால் சரி. களிமண் உருண்டைபோல் கெட்டியாக இருந்தால் அடைப்பு, பெரும்பாலும் நீளமான புல்லோ நாரோ சிக்கியிருக்கும். தண்ணீர்ப் பைபோல் தளதளவென்று இருந்து வாயில் புளித்த மாவு வாடை வந்தால் அது பூஞ்சைத் தொற்று, அதற்கு மருந்து வேறு.

முதலில் சூடு கொடுங்கள். முதல் வாரக் குஞ்சுக்குச் சுமார் 35 டிகிரி வேண்டும், குளிரில் நடுங்குகிற குஞ்சுக்குச் செரிமானமே நடக்காது. தீனியை நிறுத்தி, வெதுவெதுப்பான தண்ணீரை அலகின் ஓரத்தில் ஒவ்வொரு சொட்டாக வைத்தால் அதுவே உறிஞ்சிக்கொள்ளும். கெட்டியாக இருந்தால் மட்டும், குஞ்சை நிமிர்த்தி வைத்தபடி ஒரு விரலால் மெல்ல நீவிவிடுங்கள். மறுநாள் காலையிலும் இறங்கவில்லை என்றால் கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போங்கள், சின்னக் குஞ்சு பட்டினியை அதிக நேரம் தாங்காது.