குத்துப்பட்டது இங்கே, கட்டுரை பூட்டுக்குள்ளே

மண்டபத்திலோ தொண்டியிலோ வலை இழுக்கிறவர் காலில் திருக்கை முள் ஏறினால், முதலில் பார்ப்பது பெரும்பாலும் ஆரம்ப சுகாதார நிலைய நர்ஸ்தான். 45 டிகிரி தாண்டாத வெந்நீரில் 30 முதல் 90 நிமிடம் காலை வைக்கணும், முள்ளின் உறைத் துணுக்கு புண்ணுக்குள் தங்கியிருக்கா என்று தேடணும். இதெல்லாம் எழுதியிருக்கிற ஆய்வுக் கட்டுரையைத் திறக்கப் போனால் 30, 40 டாலர் கேட்கிறான். வயிறு எரிகிறது.

2025 ஜனவரியில் வந்த 'ஒரே நாடு ஒரே சந்தா' என்ற மத்திய அரசுத் திட்டம் அரசுக் கல்லூரிகளுக்கு சுமார் 13,000 ஆய்விதழ்களைத் திறந்துவிட்டது. நல்ல காரியம்தான். சுகாதார நிலையம் கல்லூரி இல்லையே!

எழுதுகிற டாக்டர்கள் மேல்தான் எனக்குக் கோபம் அதிகம். மதிப்பாய்வு முடிந்து ஏற்கப்பட்ட கடைசி வேர்ட் கோப்பை நிறுவனக் களஞ்சியத்தில், அதாவது கல்லூரியோ ஆய்வு நிறுவனமோ யாரும் இலவசமாகப் படிக்க வைத்திருக்கும் இணையச் சேமிப்பில், ஏற்ற நிறைய இதழ்கள் அனுமதிக்கின்றன, பைசா செலவில்லை. சிலது 6 அல்லது 12 மாதம் பொறுக்கச் சொல்லும், அவ்வளவுதான். அந்தக் கோப்பைத் தொலைத்துவிட்டு, இதழ் வடிவமைத்த பிடிஎஃப்பை ஏற்றுகிறார்கள். பதிப்பகம் நீக்கச் சொல்கிறது, அத்தோடு கதை முடிந்தது.

கட்டுரையை எல்லாரும் இலவசமாகப் படிக்கும்படி வெளியிட இதழ்கள் எழுதுகிறவரிடம் வாங்கும் கட்டணத்துக்கான விலக்கும் அப்படியே. தானாக விலக்கு கிடைக்கும் நாடுகளின் பட்டியலில் இந்தியா பொதுவாக இருக்காது. கட்டுரை அனுப்பும்போதே கேட்கணும். கட்டுரை ஏற்கப்பட்ட பிறகு கேட்டால் பல இதழ்கள் கையை விரித்துவிடும். அனுப்பும் முன் இலவசமாகப் படிக்கக் கிடைக்கும் இதழ்களின் இணையப் பட்டியலான டி.ஓ.ஏ.ஜே.யில் கட்டணம் வாங்காத இதழ்களை மட்டும் வடிகட்டிப் பார்க்க ஐந்து நிமிடம் ஆகுமா? அதைக்கூடச் செய்ய மாட்டேன் என்கிறார்களே!